மீட்பும் இரட்சிப்பும்: சிங்கப்பூர்த் தமிழ்க் கிறித்தவரிடையே இறப்பு, மறுமை பற்றிய நம்பிக்கைகளும் சொற்களும்

முன்னுரை

1935ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று இன்றும் வெளிவந்துகொண்டிருக்கும் 'தமிழ் முரசு' நாளிதழின் இறப்பு அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்து வருவோர் ஒன்றை நன்கு அறிவர். இறந்தவரின் பெயரை நோக்குமுன்னரே அவர்தம் சமயத்தை வினைச்சொல் காட்டிவிடும். 'சிவபதவி அடைந்தார்' என்பது சைவர்க்குரியது. 'வைகுண்ட பதவி' வைணவர்க்குரியது. 'வஃபாத்தானார்' என்றால் இசுலாமியர். 'இயற்கை எய்தினார்' என்பது பெரும்பாலும் பகுத்தறிவு இயக்கச் சார்புடையோர்க்கு. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று கண்டால் அவர் சீர்திருத்தத் திருச்சபை ஒன்றைச் சார்ந்தவர் என்று துணியலாம். 'இறைவனடி சேர்ந்தார்' என்னும் தொடரோ இந்துக்களும் கத்தோலிக்கரும் ஒருங்கே வழங்குவது. அங்குப் பெயரை நோக்கித்தான் சமயத்தை அறிதல் வேண்டும்.

இவ்வினைச்சொற்களை வெறும் மங்கல வழக்காகக் கருதிக் கடந்துவிடுதல் எளிது. ஆயினும் ஒவ்வொன்றின் பின்னும் இறந்தவர் எங்கே போனார், எந்நிலையில் இருக்கிறார், இருப்போர் அவர்க்கு இன்னும் செய்யத்தக்கது ஏதும் உண்டா என்னும் வினாக்களுக்கு ஒரு மறுமொழி உள்ளது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் உடைய வாசிகளில் 18.9 விழுக்காட்டினர் கிறித்தவர். இந்தியருள் அவர்கள் பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். தமிழ் வகுப்பறையில் இந்து, இசுலாமிய, கிறித்தவ மாணவர் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் நாட்டில் 'வீடு', 'முத்தி', 'மீட்பு', 'மோட்சம்' முதலிய சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்துப் பொருள் கூறிவிடும் வழக்கம் ஆசிரியரிடையே உண்டு. அவை மாற்றுச் சொற்கள் அல்ல என்பதையும், அவற்றின் வேறுபாடு சிங்கப்பூரில் நடைமுறையிலேயே குடும்பங்களைத் தொடுகின்றது என்பதையும் இக்கட்டுரையில் நாம் விளக்க முயல்கின்றோம்.

ஒரு பிறப்பும் ஒரு தீர்ப்பும்

கிறித்தவ நம்பிக்கையின்படி மாந்தன் ஒருமுறையே பிறக்கின்றான், ஒருமுறையே இறக்கின்றான். உயிர் அநாதியன்று, இறைவனால் படைக்கப்பட்டது. இந்த ஒன்றே சைவ சித்தாந்தத்தினின்றும் கிறித்தவத்தை அடிப்படையில் பிரித்துவிடுகின்றது. சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை. உயிர் எண்ணிறந்த பிறவிகளில் மலம் கழிந்து முத்தி பெறுகின்றது. கிறித்தவத்தில் காலம் ஒரே நேர்கோடு. அதில் ஓர் உயிர்க்குக் கிட்டுவது ஒரே வாழ்வு. பிறவிச் சுழல் இன்மையால், ஒரு வாழ்வில் செய்ததன் விளைவு அவ்வாழ்வின் முடிவிலேயே தீர்க்கப்படுதல் வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இவ்வேறுபாட்டின் வன்மையை நன்குணர்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' மறுபிறப்பை மறுப்பதற்கென்றே எழுந்த நூல். 'ஆத்தும நிருணயம்' உயிரின் இயல்பை நிறுவ எழுந்தது. தமிழ்நாட்டில் கிறித்தவம் பேசப் புகுந்தோர் முதலில் எதிர்கொண்ட தடை எதுவென்பதற்கு இவ்விரு நூற்பெயர்களே சான்று.

பழைய கத்தோலிக்க ஞானோபதேசங்கள் இறுதி நிலைகளை நான்காகக் கூறும்: மரணம், தீர்வை, மோட்சம், நரகம். தீர்வை இருவகை. உயிர் உடலை விட்டவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வருவது தனித்தீர்வை. உலக முடிவில் இறந்தோர் அனைவரும் உடலோடு எழுந்து நிற்க வருவது பொதுத்தீர்வை. (இன்றைய மாணவர்க்குத் 'தீர்வை' என்றதும் சாங்கி விமான நிலையத்துச் சுங்கத் தீர்வையே நினைவிற்கு வரும். 'தீர்ப்பு' என்று மாற்றிச் சொல்வதே வகுப்பறைக்கு நலம்.) சீர்திருத்தச் சபையார் 'நியாயத்தீர்ப்பு' என்பர். பெந்தெகோஸ்தே சபைகள் சிலவற்றில் பொதுத்தீர்ப்புக்கு முன்னதாகவே உயிரோடிருக்கும் அடியார் வானில் எடுத்துக்கொள்ளப்படுவர் என்னும் நம்பிக்கை வலுவாக உள்ளது. தெசலோனிக்கேயர்க்குப் பவுல் எழுதிய முதல் மடலை அடிப்படையாகக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய நாடுகளில் உருப்பெற்றுப் பரவிய விளக்கம் அது.

ஈண்டு நம் ஆசிரியர் பலரும் தவறவிடும் செய்தி ஒன்றுண்டு. கிறித்தவத்தின் இறுதி நம்பிக்கை 'ஆன்மா அழியாது' என்பதன்று. அது கிரேக்கரும் சொன்னது. நம் நாட்டாரும் சொன்னது. கிறித்தவத்திற்கே உரிய அறுதிக் கூற்று உடலின் உயிர்ப்பு என்பதாம். திருத்தூதர் நம்பிக்கை அறிக்கையில் இது தனிக் கூறாகவே அமைந்துள்ளது. கத்தோலிக்கர் முன்பு 'சரீர உத்தானம்' என்றனர். இன்று 'உடலின் உயிர்ப்பு' என்கின்றனர். சீர்திருத்தச் சபையார் 'சரீரம் உயிர்த்தெழுதல்' என்பர். கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் இதற்கு விதையை உவமை காட்டுகின்றார்: மண்ணில் இடப்படும் வித்து ஒன்று, முளைத்தெழுவது வேறு தோற்றம் உடையது, ஆயினும் இரண்டுக்கும் தொடர்ச்சி உண்டு. எழும் உடல் பழைய உடலின் மறுபதிப்பன்று, அதற்குத் தொடர்பற்ற புதுப்பொருளும் அன்று என்பதே கருத்து. இவ்வுவமை பின்னர் நாம் பேசவிருக்கும் அடக்கமுறைச் சிக்கலுக்கு மிகவும் வேண்டப்படுவது.

உறக்கம் என்னும் உருவகம்

'நித்திரையடைந்தார்' என்பது தமிழ்ச் செவிக்கு இடக்கரடக்கல் போல் ஒலிக்கும். உண்மையில் அது கோட்பாட்டுச் சொல். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பலவற்றுக்கும் மூலமான கிரேக்கச் சொல் 'கொய்மேத்தேரியோன்'. அதன் பொருள் உறங்குமிடம். உறங்குபவர் எழுவார் என்பது அதனுள் அடங்கியிருக்கின்றது. திருவள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் இறப்பை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிட்டிருக்கின்றார். உவமை ஒன்றே, ஆனால் வள்ளுவத்தில் விழிப்பு என்பது பிறப்பு, கிறித்தவத்தில் விழிப்பு என்பது உயிர்ப்பு. முன்னதில் உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வருவன. பின்னதில் அவ்விழிப்புக்குப் பின் உறக்கமே இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து மாணவர்க்குக் காட்டினால் ஒரு வகுப்பிற்கு வேண்டிய செய்தி அதனுள் உண்டு என்பது நம் கருத்து.

சொற்கள் வந்த வழி

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி நான்கு நூற்றாண்டுகளாகக் கிறித்தவத் தமிழ் இறுதி நிலைகளுக்குச் சொல் தேடி வந்திருக்கின்றது. என்றிக்கே என்றீக்கசு காலத்தில் போர்த்துக்கீசியச் சொற்கள் பல ஒலிபெயர்ப்பாகவே நின்றன. நொபிலி வடசொற்களை எடுத்தாண்டார். 'மோட்சம்' முதலியன கிறித்தவப் பொருளில் வேரூன்றியது அவர் மரபிலேதான். சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-15இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். பப்ரிசியசு மொழிபெயர்ப்பும் பின்வந்த திருத்தங்களும் கடந்து, என்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதல் சீர்திருத்தச் சபைத் தமிழை இன்றுவரை ஆண்டு வருகின்றது. எச்.ஏ. கிருட்டிண பிள்ளை தம் பெருங்காப்பியத்திற்கு 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) எனப் பெயரிட்டபோது இரட்சிப்பு என்னும் சொல் காப்பியத் தகுதியையும் பெற்றுவிட்டது எனலாம்.

மறுபக்கம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-65) பின்னர் கத்தோலிக்க வழிபாடு தமிழுக்கு வந்தது. மறைமலையடிகளின் தனித்தமிழ்க் கொள்கை அதற்குள் அரை நூற்றாண்டு வளர்ந்திருந்தமையால் வழிபாட்டுத் தமிழும் அவ்வழியே நடந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' அதன் முதிர்ந்த பயன். நித்தியஜீவன் அதில் 'நிலைவாழ்வு' ஆயிற்று. பரலோகராஜ்யம் 'விண்ணரசு' ஆயிற்று. நீதிமானாக்கப்படுதல் 'இறைவனுக்கு ஏற்புடையவராதல்' ஆயிற்று. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு வாக்களித்த இடத்தைப் பழைய பதிப்பு 'பரதீசு' என்று ஒலிபெயர்க்க, புதியது 'பேரின்ப வீடு' என்கின்றது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நாற்பொருளில் இறுதியானதைக் கிறித்தவம் தன் மறைநூலுக்குள்ளேயே ஏற்றுக்கொண்டுவிட்ட இடம் இது.

இவற்றுள் நாம் நின்று நோக்க வேண்டிய இணை இரட்சிப்பும் மீட்பும். இரட்சித்தல் என்பது காத்தல். நீரில் மூழ்குபவனைக் கைகொடுத்துத் தூக்குவது இரட்சிப்பு. மீட்டலோ கைவிட்டுப்போன ஒன்றைத் திரும்பப் பெறுதல். அதற்கு விலை உண்டு. சிராங்கூன் சாலையில் அடகுக் கடைக்குப் போய்த் தாலிக்கொடியைத் திருப்பி வரும் பெண்ணுக்கு இச்சொல்லின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன: காத்து நலம் அளித்தலுக்கு 'சொதேரியா', விலை கொடுத்து விடுவித்தலுக்கு 'அப்பொலுத்ரோசிசு'. ஐக்கியத் திருப்புதல் முன்னதை இரட்சிப்பு என்றும் பின்னதை மீட்பு என்றும் வேறுபடுத்துகின்றது. திருவிவிலியம் வடசொல்லை விலக்கியதால் முன்னதையும் 'மீட்பு' என்றே வழங்க நேர்ந்தது. நுட்பம் ஒன்று இங்கு இழக்கப்பட்டது என்பதை மறுத்தல் இயலாது.

ஆனால் இழப்புக்கு ஈடாக வந்ததொன்றும் உண்டு. தமிழ் மரபில் மீட்டல் புறத்திணைச் சொல். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பது கரந்தை. மீட்கும் போரில் பட்ட வீரனுக்கு ஊரார் கல் நட்டு வழிபட்டனர். தனக்கென அன்றி ஊர்க்கென மீட்கப் போய், மீட்டு, அதனாலேயே இறந்தவன், இறந்தும் வழிபடப்படுபவன். 'மீட்பர்' என்று இயேசுவைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லில் இந்நினைவு மொழிபெயர்ப்பாளர் கருதியோ கருதாமலோ வந்து கலந்துவிடுகின்றது. நடுகல்லுக்கும் சிலுவைக்கும் கோட்பாட்டு உறவு ஏதுமில்லை. அவ்வாறு நாம் கூறவும் இல்லை. எனினும் 'இரட்சகர்' என்பதில் கேளாத ஓர் ஒலி 'மீட்பர்' என்பதில் தமிழ் பயின்ற செவிக்குக் கேட்கும்.

சிங்கப்பூரில் இவ்விரு சொல்வழக்குகளும் ஒருவர்க்கொருவர் நடைதூரத்தில் வாழ்கின்றன. ஓபிர் சாலையில் 1888இல் எழுந்த தூய லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென்றே கட்டப்பட்டது. அதற்குமுன் அவர்கள் சீனக் கத்தோலிக்கரோடு தூய பேதுரு பவுல் ஆலயத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தனர். 1887இல் தொடங்கிய தமிழ் மெதடிஸ்ட் சபையின் ஆலயம் செலிகி சாலையை அடுத்த ஷார்ட் தெருவில் உள்ளது. பேரர் பார்க் அருகே டோர்செட் சாலையில் உள்ள கிறிஸ்து ஆலயம் ஆங்கிலிக்கன் தமிழர்க்குரியது. தேக்காவை நடுவில் வைத்தால் மூன்றும் சுற்றியே அமையும். முதலாவதில் மீட்பும் நிலைவாழ்வும் ஒலிக்க, ஏனைய இரண்டிலும் இரட்சிப்பும் நித்தியஜீவனும் ஒலிக்கும். திருமண உறவால் இரு மரபும் கலந்த குடும்பங்களில் ஒரே இறப்பு வீட்டில் இரு தமிழும் கேட்கப்படுவதுண்டு.

இறந்தோர்க்காக வேண்டலாமா?

அவ்விறப்பு வீட்டிலேதான் சொல் வேறுபாடு கொள்கை வேறுபாடாக வெளிப்படும். கத்தோலிக்கர் இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பர். மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என நினைவுப் பலிகள் தொடரும். ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். இவற்றுக்கு அடிப்படை 'உத்தரிக்கிற தலம்' என்னும் நம்பிக்கை. இறையருளில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதோர் விண்ணகம் புகுமுன் தூய்மை பெறும் நிலை அது. இரண்டாம் இலியோன் சங்கம் (1274), புளோரன்சு சங்கம் (1439), திரெந்துச் சங்கம் (1563) ஆகியவை இதனை வரையறுத்தன. 'தலம்' என்னும் சொல் இடத்தை உணர்த்துவதால் இன்றைய கத்தோலிக்க எழுத்துகளில் 'தூய்மை பெறும் நிலை' என்னும் வழக்கு விரும்பப்படுகின்றது.

சீர்திருத்தச் சபையார் இதனை ஏலார். இறந்தவுடன் ஒருவர் நிலை உறுதியாகிவிடுகின்றது. கிறித்துவின் மீது கொண்ட நம்பிக்கையாலேயே அவர் இரட்சிக்கப்பட்டவர். இருப்போர் செய்வன எதுவும் அதனைக் கூட்டாது, குறைக்காது. ஆகவே அவர்கள் நடத்தும் கூட்டம் இறந்தவர்க்காக அன்று. இருப்போரின் ஆறுதலுக்காகவும் இறைவனுக்கு நன்றி கூறவும் நடைபெறுவது. இவ்வேறுபாட்டின் ஒரு வேர் கையிலுள்ள நூலிலேயே இருக்கின்றது. இறந்தோரின் பாவம் நீங்கப் பலி செலுத்தப்பட்டதைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம் கத்தோலிக்கரின் விவிலியத்தில் உண்டு. ஐக்கியத் திருப்புதலில் அந்நூலே இல்லை. மெதடிஸ்ட் மருமகள் கத்தோலிக்க மாமியார்க்காகச் செபமாலை சொல்ல அமரும்போது அவள் தயங்கினால், அது மரியாதைக் குறைவன்று. அவள் வளர்ந்த மறைநூலில் அப்பக்கம் கிடையாது.

மீட்பு நம்பிக்கையாலா செயலாலா என்னும் பழைய வழக்கு இன்று பெரிதும் தணிந்துள்ளது. 1999 அக்டோபர் 31இல் ஆக்சுபர்க்கு நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் பொது அறிக்கையில் கையொப்பமிட்டனர். 2006இல் உலக மெதடிஸ்ட் பேரவை சியோலில் அதனோடு இணைந்தது. அருளே முதற்காரணம் என்பதில் மூவரும் உடன்படுகின்றனர். இறந்தோர்க்கு வேண்டுதல் பற்றிய வேறுபாடோ அவ்வாறே நிற்கின்றது. இந்துக் குடும்பத்தினின்று வந்தோர்க்கு இங்கு மற்றொரு நெருக்கடியும் உண்டு. கருமாதியும் திதியும் பிள்ளையின் கடன் எனப் பழகிய உள்ளத்திற்கு 'ஒன்றும் செய்ய வேண்டியதில்லை' என்னும் மறுமொழி விடுதலையாகவும் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம். கத்தோலிக்கத்தின் நாள் கணக்கு அவ்வுள்ளத்திற்கு அணுக்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

மண்ணும் நெருப்பும்

சிங்கப்பூரில் இக்கோட்பாடுகள் அனைத்தும் வந்து மோதுமிடம் நிலம். 'நல்லடக்கம்' என்பது தமிழ்க் கிறித்தவரின் பெருமைக்குரிய சொல். உயிர்ப்பை நோக்கி உடலை மண்ணில் விதைத்தல் என்னும் பவுலின் உவமை அதன் உயிர்நாடி. கிறித்தவர்க்குரிய கல்லறைகள் கென்னிங் குன்றிலும், அது 1865இல் மூடப்பட்டபின் புக்கித் தீமாவிலும், 1908 முதல் மேல் சிராங்கூனை அடுத்த பிடாதாரியிலும் அமைந்தன. பிடாதாரி 1972இல் நிறைந்து மூடப்பட்டது. 2001 தொடங்கி 2006 வரை அங்கிருந்த கல்லறைகள் தோண்டப்பட்டன: கிறித்தவர்க்குரியவை ஏறத்தாழ 58,000, முசுலிம்களுக்குரியவை ஏறத்தாழ 68,000. இன்று அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. சில கல்லறைக் கற்கள் மட்டும் ஒரு சிறு நினைவுத் தோட்டத்தில் நிற்கின்றன.

புதிய அடக்கங்களுக்குத் திறந்திருப்பது சுவா சூ காங் ஒன்றே. அங்கும் 1998இல் வந்த கொள்கையின்படி அடக்கக் காலம் 15 ஆண்டுகள். அதன்பின் கல்லறை தோண்டப்படும். எரியூட்டலைத் தம் சமயம் தடுப்போரின் எச்சங்கள் சிறிய குழிகளில் மீண்டும் அடக்கம் செய்யப்படும். சமயம் இசைவோரின் எச்சங்கள் எரியூட்டப்பட்டு அஸ்தி மாடங்களில் வைக்கப்படும். கிறித்தவர் இரண்டாம் வகையினர். எனவே ஒரு தமிழ்க் கிறித்தவர் தம் தந்தையை மண்ணில் வைக்க முடிவு செய்தாலும், அம்முடிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும்; நெருப்பு பின்னிட்டு வரும். இதனை எண்ணியே முதலிலேயே எரியூட்டலைத் தெரிவுசெய்வோர் பலர். மவுண்ட் வெர்னனில் 1962இல் தொடங்கிய தகனச்சாலை 2004இல் நின்றது. 1982இல் திறக்கப்பட்ட மண்டாய் இன்று எல்லாச் சமயத்தார்க்கும் பொது.

கிறித்தவம் எரியூட்டலை ஏற்குமா? இவ்வினாவை இறப்பு வீட்டில் முதன்முறை கேட்பதைவிட முன்னரே அறிந்திருத்தல் நன்று. கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் அதனைத் தடைசெய்தது. உயிர்ப்பு நம்பிக்கையை எள்ளுவதற்காகவே எரியூட்டலைப் பரப்பிய இயக்கங்கள் அக்காலத்து ஐரோப்பாவில் இருந்தமையே தடைக்கான முதன்மைக் காரணம். 1963இல் தடை நீங்கியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கத்தைப் பரிந்துரைத்தும் எரியூட்டலை அனுமதித்தும் அமைந்தது. சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலானவற்றில் முறையான தடை இன்று இல்லை. பண்டைய ஆசிரியர்களும் இதில் தெளிவாகவே இருந்தனர். மினுசியு பெலிக்சு, எவ்வகை அடக்கத்தாலும் உயிர்ப்புக்கு இழப்பில்லை, பழைய நல்வழக்கம் என்பதாலேயே மண்ணில் வைக்கின்றோம் என்னும் கருத்தினர். அகுசுதினார் 'இறைவனின் நகர்' நூலில், அடக்கம் பெறாது கிடந்த மறைசாட்சியர்க்கு அதனால் தீங்கொன்றும் இல்லை என வாதிடுவார். வேங்கைக்கு இரையானாரும் கடலில் மறைந்தாரும் எழுவர் எனின், மண்டாயில் எரிந்தவர் எழுவதற்குத் தடை யாது? வித்து மண்ணுள் சிதைவதும் நெருப்பில் உடல் சிதைவதும் காலத்தின் அளவால் வேறுபட்டவையே.

ஆனால் இறையியல் விடையளித்துவிட்டது என்பதால் உள்ளம் அடங்கிவிடுவதில்லை. தமிழ்நாட்டில் இந்துக்களிலும் பல சமூகத்தார் மண்ணில் அடக்கம் செய்வோரே. எனினும் புலம்பெயர்ந்த தமிழரிடையே 'அவர்கள் எரிப்பார்கள், நாம் புதைப்போம்' என்பது சமய அடையாளமாக உறைந்துவிட்டது. இன்று அக்கோடு அழிந்துள்ளது. இந்து அண்டை வீட்டாரும் கிறித்தவரும் ஒரே தகனச்சாலையில் அடுத்தடுத்த அறைகளில் நிற்கின்றனர். வேறுபாடு எரிந்தபின்னரே தொடங்குகின்றது. இந்துக்கள் அஸ்தியை நீரில் கரைக்கின்றனர். உடல் ஐம்பூதங்களுக்குத் திரும்பவேண்டும் என்பது அதன் கருத்து. கிறித்தவரோ அதனைப் பெயர் பொறித்த மாடத்தில் வைக்கின்றனர். உயிர்க்க வேண்டியவர் இன்னார் எனப் பெயர் நிற்கவேண்டும் என்பது இதன் கருத்து. தூய தெரேசா ஆலயம், வானதூதரின் தூய மரியா ஆலயம் ஆகியவற்றில் இத்தகைய மாடங்கள் உள்ளன. நவம்பரில் அவ்விடங்களில் மெழுகுவத்தியும் பூவுமாகக் கூடும் மக்களைக் காணும்போது கல்லறைத் திருநாள் மாடத் திருநாளாக மாறியதை உணரலாம். பெயர் மட்டும் மாறவில்லை.

இதில் இன்று சிக்கலாக எழுவது அஸ்தி தூவுதல். 2021இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் சுவா சூ காங்கில் அமைதித் தோட்டத்தைத் திறந்து, நிலத்தில் அஸ்தி தூவ வழி செய்தது. அங்குப் பெயர்ப்பலகை இல்லை; பலருடைய அஸ்தியும் ஒரே மண்ணில் கலக்கின்றது. மாடத்திற்கு ஆகும் செலவையும், பின்வரும் தலைமுறை வந்து பார்க்குமா என்னும் ஐயத்தையும் எண்ணுவோர்க்கு இது பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் வத்திக்கான் 2016இல் வெளியிட்ட அறிவுறுத்தல், அஸ்தியைக் காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவுவதையும், உறவினர் பங்கிட்டுக்கொள்வதையும் விலக்கி, புனித இடத்தில் பேணுமாறு கூறுகின்றது; வீட்டில் வைத்திருப்பதையும் தனிச் சூழல்களில் ஆயரின் இசைவோடன்றி ஏற்பதில்லை. 2023 டிசம்பரில் அதே துறை அளித்த மறுமொழி இரண்டு தளர்வுகளைத் தந்தது. பொதுவான புனித இடம் ஒன்றில், ஒவ்வொருவர் பெயரும் குறிக்கப்படுமாயின், பலரின் அஸ்தியைக் கலந்து வைக்கலாம். இறந்தவர்க்கு வாழ்வில் முதன்மையாயிருந்த ஓரிடத்தில் அஸ்தியின் மிகச் சிறு பகுதியை வைத்துக்கொள்ளத் தக்க காரணமிருப்பின் திருச்சபை அதிகாரி இசைவளிக்கலாம். இரண்டிலும் வலியுறுத்தப்படுவது ஒன்றே: பெயர் அழியலாகாது, இறந்தவர் பெயரின்றிக் கரைந்துவிட்டார் என்னும் எண்ணம் எழலாகாது.

தாய் கத்தோலிக்கர், மூத்த மகன் பெந்தெகோஸ்தே சபை, இளைய மகன் இந்துப் பெண்ணை மணந்து அவ்வழி நிற்பவர் என அமைந்த குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். சிங்கப்பூரில் இது அரிதன்று. தாயின் அஸ்திக்கு மாடமா, கடலா, தோட்டமா என்னும் பேச்சு எழும்போது மூவரும் அன்பினால்தான் பேசுவர்; ஆனால் மூவரும் வெவ்வேறு மறுமையை மனத்திற்கொண்டு பேசுவர். இளையவர்க்குக் கரைத்தல் விடுதலை. திருச்சபைக்கு அது பெயரிழப்பு. மூத்தவர்க்கோ தாய் ஏற்கெனவே கர்த்தரிடத்தில் இருப்பதால் அஸ்தியில் பொருளேதும் இல்லை. மண்டாயில் எரியூட்டியபின் அஸ்தியைப் பெற்றுக்கொள்ளும் நாள் அடுத்து வருவதால் இப்பேச்சுக்குக் கிடைக்கும் காலமும் சிறிது. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று நாள் உடலை வைத்து வழிபாடு நடக்கும்போதே இதனை முடிவு செய்தாக வேண்டும். தாய் உயிரோடிருக்கும்போதே தம் விருப்பத்தைச் சொல்லியிருந்தால் மூவர் சுமையும் குறையும். முதியோரிடம் இதனைக் கேட்பது அபசகுனம் என்னும் எண்ணம் கிறித்தவத் தமிழரிடமும் இந்துத் தமிழரிடமும் ஒரே அளவில் உள்ளது. அதற்கு ஆதாரமான மறைநூல் வரி இருதரப்பிலும் இல்லை.